ஸ்டடி 329: ஒரு வார்த்தைக்குள் மறைந்துபோன பிள்ளைகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இன்னைக்கு வளரிளம் பிள்ளைகளோட மனச்சோர்வு பற்றியும், தற்கொலை எண்ணம் பற்றியும் பேசப்போறோம். இப்போ இதைக் கேட்கிற மனநிலையில இல்லைன்னா தயங்காம நிறுத்திட்டு வேற எபிசோடுக்குப் போயிடுங்க. யார்கிட்டயாவது பேசணும்னு தோணினா, இந்தியாவுல இருக்கிறவங்க டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் இலவசம். தமிழ்லயும் பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

15 வயசுப் பொண்ணு ஒருத்தி மாசக்கணக்கா சரியா சாப்பிடறதில்லை, தூங்கறதில்லை, யார்கூடவும் பேசறதில்லைன்னு வெச்சுக்குங்க. பெற்றோர் மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவர் ஒரு மாத்திரை எழுதித் தர்றார். இந்த மாத்திரை இந்த வயசுப் பிள்ளைக்கு வேலை செய்யும்னு அந்த மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

அவரே நூத்துக்கணக்கான பிள்ளைகளை வெச்சு சோதிச்சுப் பார்த்திருக்க முடியாது. ஆய்விதழில் வந்த கட்டுரையை நம்புறார். நேரம் இல்லாதப்போ கட்டுரையோட சுருக்கத்தை மட்டும் படிக்கிறார். அந்தச் சுருக்கம் சில அட்டவணைகளிலிருந்து வந்தது. அட்டவணை கம்ப்யூட்டர்ல ஏத்தின தரவிலிருந்து வந்தது. அந்தத் தரவு, எங்கேயோ ஒரு பிள்ளை உட்கார்ந்து சொன்னதை ஒருத்தர் படிவத்துல எழுதினதிலிருந்து வந்தது. ஆக, ஒரு பிள்ளை சொன்ன வார்த்தை நாலஞ்சு கை மாறித்தான் மருத்துவர்கிட்ட வந்து சேருது.

நான் சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். எங்க வேலையில அடிக்கடி நடக்கிற ஒண்ணு: டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும், ஆனா வாடிக்கையாளர் போன் பண்ணி எதுவுமே வேலை செய்யலைன்னு சொல்வார். அப்போ டேஷ்போர்டை விட்டுட்டு லாகைத் திறந்து வரி வரியா படிக்கணும். இன்னைக்கு நான் சொல்லப்போறது, பிள்ளைகளோட மனநல சிகிச்சை ஆய்வு ஒண்ணோட லாகை வெளியாட்கள் திறந்து பார்க்க 14 வருஷம் ஆன கதை. அந்த ஆய்வோட பேர் ஸ்டடி 329.

என்ன சோதிச்சாங்க?

1994-ல் தொடங்கி 1998 வரைக்கும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 மையங்களில் நடந்த ஆய்வு இது. 12 முதல் 18 வயது வரையிலான, தீவிர மனச்சோர்வு இருந்த 275 பேர் கலந்துக்கிட்டாங்க. பணம் கொடுத்து நடத்தியது ஸ்மித்க்ளைன் பீச்சம் என்ற மருந்து நிறுவனம். 2000-ல் இது இன்னொரு நிறுவனத்தோட இணைஞ்சு கிளாக்ஸோஸ்மித்க்ளைன் ஆச்சு.

சோதிச்ச மருந்து பராக்ஸெட்டின். அமெரிக்காவுல பாக்ஸில்னும் பிரிட்டன்ல சீராக்ஸாட்னும் விற்றாங்க. பெரியவங்களுக்கு ஏற்கெனவே அனுமதி இருந்தது. பிள்ளைகளுக்கும் பலன் தருதான்னு பார்க்கணும். அதனால பிள்ளைகளைக் குலுக்கல் முறையில மூணு குழுவாப் பிரிச்சாங்க. 93 பேருக்குப் பராக்ஸெட்டின். 95 பேருக்கு இமிப்ரமின்ங்கிற பழைய மருந்து. 87 பேருக்கு பிளாசிபோ, அதாவது உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எதுன்னு பிள்ளைக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 8 வாரம் நடந்தது.

ஆய்வு தொடங்கும்போதே நெறிமுறை ஆவணம்னு ஒண்ணு எழுதுவாங்க. "இந்த அளவுகோலை வெச்சுத்தான் பாஸா ஃபெயிலான்னு முடிவு பண்ணுவோம்"னு முன்கூட்டியே கையெழுத்துப் போடுற மாதிரி. ஸ்டடி 329-ல் இரண்டு முதன்மை அளவுகளும் ஆறு துணை அளவுகளும் இருந்தன. முதன்மை அளவு இரண்டுமே ஹாமில்டன் மனச்சோர்வு அளவுகோலை வெச்சுத்தான். மருந்துக்கும் பிளாசிபோவுக்கும் நடுவுல அந்த அளவுகோல்ல 4 புள்ளி வித்தியாசம் இருந்தாத்தான் அது மருத்துவ ரீதியா பொருட்படுத்தத் தக்கதுன்னு முன்னாடியே தீர்மானிச்சிருந்தாங்க.

முடிவு என்ன? பராக்ஸெட்டின் எடுத்தவங்களுக்குச் சராசரியா 10.7 புள்ளி குறைஞ்சது. இமிப்ரமின் எடுத்தவங்களுக்கு 9.0. மருந்தே இல்லாத மாத்திரை எடுத்தவங்களுக்கு 9.1. அதாவது 4 புள்ளி எதிர்பார்த்த இடத்துல 1.6 புள்ளிதான் வந்தது. புள்ளியியல்படி இது தற்செயலாவே வரக்கூடிய வித்தியாசம். முன்கூட்டியே குறிச்சு வெச்சிருந்த எட்டு அளவுகள்ல ஒண்ணுலகூட பராக்ஸெட்டின் ஜெயிக்கலை.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி அந்த 9.1-ஐ கவனியுங்க. மருந்தே இல்லாம இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு முன்னேற்றம் எப்படி? கொஞ்சம் காலத்தோட போக்குல தானா தணிஞ்சிருக்கும். கொஞ்சம் நம்பிக்கை. ஆனா இன்னொண்ணும் இருக்கு. மூணு குழுவுல இருந்த எல்லாப் பிள்ளைகளும் வாராவாரம் வந்தாங்க. ஒரு பெரியவர் எதிர்ல உட்கார்ந்து, எப்படி இருக்கேன்னு கேட்டு, சொல்றதைப் பொறுமையாக் கேட்டாங்க. அதுவும் ஒரு சிகிச்சைதான். இந்த ஆய்வு எதேச்சையா நமக்குச் சொன்ன நல்ல சேதி அதுதான். ஆனா அதை யாரும் விளம்பரப்படுத்தலை.

ஃபெயில் எப்படி பாஸ் ஆச்சு?

இந்த ஆய்வை வெச்சு 2001 ஜூலையில ஒரு கட்டுரை வெளியானது. வெளியிட்டது அமெரிக்கக் குழந்தை மற்றும் வளரிளம் பருவ மனநல மருத்துவ அகாடமியோட ஆய்விதழ். அந்தத் துறையில முன்னணி இதழ். 22 பேர் ஆசிரியர்களாகக் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. முதல் பெயர் பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் கெல்லர். முதல் வரைவை எழுதினது மருந்து நிறுவனம் அமர்த்திய ஒரு எழுத்தாளர். கட்டுரையோட முடிவு, பராக்ஸெட்டின் வளரிளம் பருவத்தினருக்குப் பலன் தருது, பெரும்பாலும் நல்லாத் தாங்கிக்கிறாங்க என்பதுதான்.

எட்டுல ஒண்ணுகூட பாஸ் ஆகலைன்னு இப்பத்தானே சொன்னேன்? அப்புறம் எப்படி?

ஆய்வு நடந்த பிறகு அளவுகளைக் கூட்டிக்கிட்டே போனாங்க. பின்னாடி ஆவணங்களை ஆராய்ந்தவங்க மொத்தம் 27 அளவுகள் இருந்ததாக் கணக்கிட்டாங்க. அதுல 4-ல் மட்டும் பராக்ஸெட்டின் முன்னாடி நின்றது. கட்டுரை அந்த நாலையும் முன்னால தள்ளிக் காட்டியது. பரீட்சை முடிஞ்சு ரிசல்ட் வந்த பிறகு, எந்தப் பாடத்துல மார்க் வந்திருக்கோ அதுதான் மெயின் பாடம்னு வீட்டுல சொல்ற மாதிரி.

இதுல ஒரு எளிய கணக்கு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 27 சோதனை பண்றோம், ஒவ்வொண்ணுலயும் தற்செயலா "வெற்றி" வர 5 சதவீத வாய்ப்புன்னு வெச்சுக்குங்க. மருந்துல ஒண்ணுமே இல்லைன்னாலும், குறைஞ்சது ஒரு இடத்துலயாவது வெற்றின்னு காட்ட சுமார் 75 சதவீத வாய்ப்பு இருக்கு. நிஜத்துல இந்த 27-ம் ஒண்ணோட ஒண்ணு பின்னினவை. அதனால ஒண்ணு ஜெயிச்சா கூடவே இன்னும் சிலதும் ஜெயிக்கும். அதுக்காகத்தான் முன்கூட்டியே எழுதி வெக்கிறாங்க. அம்பு விட்ட பிறகு இலக்கை நகர்த்தக் கூடாது.

நிறுவனத்துக்கு இது தெரியாம இல்லை. பலன் நிரூபணமாகலைன்னு வெளியே சொல்றது வியாபார ரீதியா ஏற்க முடியாததுன்னு 1998-ல் அவங்களோட உள் ஆவணம் ஒண்ணு சொன்னது. 2004-ல் அது கனடா மருத்துவ ஆய்விதழ் மூலமா வெளியே வந்தது. ஆனா 2001-ல் விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் போன குறிப்பு வேற மாதிரி இருந்தது. இந்த ஆய்வு பலனையும் பாதுகாப்பையும் பிரமாதமாக் காட்டுதுன்னு அதுல இருந்தது. 2002-ல் மட்டும் அமெரிக்காவுல 18 வயசுக்குக் கீழே இருந்தவங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்ஸில் சீட்டுகள் எழுதப்பட்டதா, நியூயார்க் மாநிலம் பின்னாடி போட்ட வழக்குல சொல்லப்பட்டது.

ஒரு லேபிளுக்குள்ளே

இதுவரைக்கும் சொன்னது "பலன் இல்லை" பகுதி. என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணினது அடுத்த பகுதி.

பராக்ஸெட்டின் எடுத்த 93 பேர்ல 11 பேருக்குத் தீவிரமான பாதகம் ஏற்பட்டதுன்னு 2001 கட்டுரையிலேயே இருக்கு. பிளாசிபோ குழுவுல 2 பேர். அந்த 11 பேர்ல 5 பேருக்குக் கட்டுரை போட்ட தலைப்பு "எமோஷனல் லேபிலிட்டி". தமிழ்ல சொன்னா, உணர்ச்சி நிலை சட்டுசட்டுனு மாறுதல். இதைப் படிக்கிற மருத்துவர் என்ன நினைப்பார்? டீன் ஏஜ் பிள்ளை, திடீர்னு அழும், திடீர்னு கோபப்படும், அவ்வளவுதானேன்னு நினைப்பார்.

அந்த லேபிளுக்குள்ளே இருந்தது தற்கொலை எண்ணமும், தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் முயற்சிகளும். மருத்துவ நிகழ்வுகளை வகைப்படுத்த நிறுவனம் பயன்படுத்திய சொல் அகராதிப்படி அவை இந்தப் பெயர்ல பதிவாகியிருந்தன. கட்டுரையில ஒரு அடைப்புக்குறிக்குள்ள, உதாரணம் சொல்ற மாதிரி, தற்கொலை எண்ணம்ங்கிறதும் இருந்தது. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, அதுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியலை. அடுத்த வரி இன்னும் மோசம். 11 பேர்ல ஒரே ஒருத்தரோட தலைவலியை மட்டும்தான் மருந்தோட சம்பந்தப்பட்டதா ஆய்வு மருத்துவர்கள் கருதினாங்கன்னு எழுதியிருந்தது.

ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு பெரிய பழுதை "எச்சரிக்கை"ங்கிற சாதாரண வகையில லாக் பண்ணிட்டா, ராத்திரி யாருக்கும் அலாரம் அடிக்காது. தகவல் அழிஞ்சுபோகலை, அங்கேயேதான் இருக்கு. ஆனா யாரும் தேடாத பெயர்ல இருக்கு. எங்க வேலையில அதனால ஒரு சர்வர் விழும். இங்க அந்த வரிசையில இருந்தது பிள்ளைகள்.

எப்படி வெளியே வந்தது?

2002 அக்டோபரில் பிபிசியோட பனோரமா நிகழ்ச்சி சீராக்ஸாட் பற்றி ஒரு ஆவணப்படம் போட்டது. நிருபர் ஷெல்லி ஜோஃப்ரே. பார்த்தவங்க ஆயிரக்கணக்கில் தங்களோட அனுபவத்தை எழுதி அனுப்பினாங்க. 2003 ஜூனில் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 18 வயசுக்குக் கீழே மனச்சோர்வுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம்னு அறிவிச்சது.

அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. செய்த காரியம் எனக்குப் பிடிச்ச ஒண்ணு. நிறுவனங்கள் ஒட்டின லேபிள்களை அவங்க அப்படியே எடுத்துக்கலை. பாதக நிகழ்வுகளோட முழு விவரிப்புகளையும் கொலம்பியா பல்கலைக்கழகத்துல தற்கொலை தொடர்பான வல்லுநர்கள்கிட்ட கொடுத்தாங்க. எந்தப் பிள்ளை மருந்து எடுத்தது, எது பிளாசிபோ எடுத்ததுன்னு மறைச்சுட்டு, புதுசா வகைப்படுத்தச் சொன்னாங்க. பழைய லேபிள்கள்ல இரண்டு பக்கமும் தவறு இருந்தது. தற்கொலை சம்பந்தப்பட்டது சிலது வேற பெயர்ல இருந்தது. சம்பந்தமில்லாதது சிலது அந்தப் பெயர்ல இருந்தது.

மறுவகைப்படுத்தலுக்குப் பிறகு, பல மனச்சோர்வு மருந்துகளைச் சோதிச்ச 24 ஆய்வுகள், 4,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தாங்க. மருந்து எடுத்தவங்கள்ல தற்கொலை எண்ணமோ முயற்சியோ சுமார் 4 சதவீதம். பிளாசிபோவில் சுமார் 2 சதவீதம். அந்த ஆய்வுகள்ல ஒரு பிள்ளைகூட தற்கொலையால இறக்கலை என்பதையும் சேர்த்தே சொல்லணும். 2004 அக்டோபரில் இந்த மருந்துகளோட தகவல் தாள்ல கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கட்டாயமாச்சு.

அதே 2004-ல் நியூயார்க் மாநிலம் போட்ட வழக்குல கிளாக்ஸோ நிறுவனம் 25 லட்சம் டாலர் கொடுத்து, ஆய்வு முடிவுகளைப் பொதுவில் வைக்கவும் ஒப்புக்கிட்டது. 2012-ல் அமெரிக்க அரசோட 300 கோடி டாலர் சமரசம். அதில் நிறுவனம் ஒப்புக்கொண்ட குற்றங்கள்ல ஒண்ணு, 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு பாக்ஸிலைப் பரப்பினது.

இவ்வளவுக்குப் பிறகும் 2001 கட்டுரை திரும்பப் பெறப்படலை. அதனால 2015-ல் ஒரு வெளிக்குழு மூலத் தரவையே எடுத்து முதல்ல இருந்து மறுபடி ஆராய்ஞ்சது. ஜொவானா லி நூரி, டேவிட் ஹீலி, ஜான் ஜுரெய்தினி உட்பட ஏழு பேர். நிறுவனம் கொடுத்த அணுகல் எப்படின்னா, ரிமோட் டெஸ்க்டாப் மாதிரி ஒரே ஒரு திரை. அந்த ஜன்னல் வழியாத்தான் சுமார் 77,000 பக்கப் படிவங்களைப் பார்க்கணும். அதில் மூணுல ஒரு பங்கு பிள்ளைகளோட படிவங்களைத்தான் அவங்களால முடிக்க முடிஞ்சது.

அதிலேயே போதுமானது கிடைச்சது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2015 செப்டம்பரில் வந்த அந்த மறு ஆய்வின் முடிவு: பராக்ஸெட்டினும் சரி, இமிப்ரமினும் சரி, பிளாசிபோவைவிட மேல் இல்லை. பாதகங்கள் அதிகம். பழைய கட்டுரையில் 5 பேர்னு இருந்த இடத்துல, தற்கொலை எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்வதோ இருந்தவங்க 11 பேர். அதே பிள்ளைகள், அதே படிவங்கள். படிச்ச கண்ணு மட்டும் வேற.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

இந்த இடத்துல தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. இதைக் கேட்டுட்டு வீட்டுல இருக்கிற பிள்ளையோட மாத்திரையை இன்னைக்கு ராத்திரியே நிறுத்தினீங்கன்னா, நான் இந்த எபிசோடைப் போட்டதே தப்புன்னு ஆயிடும். பராக்ஸெட்டின் மாதிரி மருந்துகளைத் திடீர்னு நிறுத்தினா தலைச்சுற்றல், தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில படிப்படியாத்தான் குறைக்கணும்.

அதோட, ஒரு மருந்தோட கதை எல்லா மருந்தோட கதை இல்லை. 2004-ல் டாட்ஸ் என்ற ஆய்வு வந்தது. பணம் கொடுத்தது அமெரிக்க அரசோட தேசிய மனநல நிறுவனம். 12 முதல் 17 வயது வரை 439 பேர். மருந்து ஃப்ளூக்ஸெட்டின். 12 வாரத்துல, மருந்தும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைச்ச குழுவில் 71 சதவீதம் பேர் நல்லா முன்னேறினாங்க. மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 61. பேச்சு சிகிச்சை மட்டும்னா 43. பிளாசிபோ 35. 36 வாரம் ஆனப்போ மூணு சிகிச்சைக் குழுக்களும் கிட்டத்தட்ட நெருங்கிட்டாங்க: 86, 81, 81. தற்கொலை தொடர்பான நிகழ்வுகள் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தப்போ குறைவா இருந்தன. சிகிச்சை கிடைக்காத மனச்சோர்வும் உயிருக்கு ஆபத்துதான். அதை மறந்துட்டு மருந்தை மட்டும் திட்டுறது இன்னொரு பக்கத் தவறு.

சரி, நாம என்ன செய்யலாம்? மருத்துவர்கிட்ட கேள்வி கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை. "டாக்டர், இந்த மருந்தை என் பிள்ளை வயசுல சோதிச்சுப் பார்த்திருக்காங்களா? முதல் சில வாரங்கள்லயும், டோஸ் மாத்தும்போதும் நாங்க எதைக் கவனிக்கணும்? எந்த மாதிரி மாற்றம் தெரிஞ்சா உடனே உங்களைக் கூப்பிடணும்? மறுபடி எப்போ வரணும்? மாத்திரையோட பேச்சு சிகிச்சையும் கிடைக்குமா? பின்னாடி எப்படி நிறுத்துவோம்?" இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போங்க. நல்ல மருத்துவர் சந்தோஷமா பதில் சொல்வார்.

விதிகளும் மாறியிருக்கு. முன்னணி மருத்துவ இதழ்களோட ஆசிரியர்கள் 2004-ல் ஒண்ணா அறிவிச்சாங்க: தொடங்கும்போதே பொதுப் பதிவேட்டில் பதியாத ஆய்வை வெளியிட மாட்டோம்னு. இந்தியாவுல அந்தப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. 2007-ல் வந்தது, 2009 ஜூனில் இருந்து கட்டாயம். யார் வேணும்னாலும் இணையத்துல போய்ப் பார்க்கலாம். எந்த அளவுகோலை வெச்சு முடிவு பண்ணப்போறோம்னு அங்க முன்னாடியே எழுதியிருப்பாங்க. பின்னாடி வர்ற கட்டுரையோட அதை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை இருந்தா போதும்.

ஆனா பதிவேடு வந்ததால எல்லாம் சரியாயிடலை. அளவுகோலை மாத்தினா பதிவேடு காட்டிக்கொடுக்கும். ஒரு பிள்ளை "எனக்கு வாழவே பிடிக்கலை"ன்னு சொன்னதை யாராவது "எரிச்சல்"னு எழுதினா, அதை எந்தப் பதிவேடும் காட்டாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பெயர் அடையாளங்களை மறைச்சுட்டு மூலப் படிவங்களை வெளி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடறதுதான். பிள்ளைகளை வெச்சு ஆய்வு செய்யறவங்க எல்லார்கிட்டயும் நாம கேட்க வேண்டியது இது.

வீட்டுக்கும் இது பொருந்தும்னு நினைக்கிறேன். பிள்ளை ஏதாவது சொன்னா "இந்த வயசுல அப்படித்தான்", "அடம்", "போன் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போச்சு"ன்னு நாமளும் ஒரு லேபிள் ஒட்டிடறோம். ஒட்டறதுக்கு முன்னாடி அது சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தடவை கேளுங்க. மருத்துவர்கிட்ட போனாலும் அந்த வார்த்தையையே சொல்லுங்க.

அவ்வளவுதான் இந்த வாரம். இதைப் பற்றிக் கேள்வி இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடுல எடுத்துக்கறேன். பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வையுங்க. மறுபடி சந்திப்போம்.